பக்கத்தில் ஆள் இல்லாத பக்கவாத்தியம்

போன வருசக் கடைசியில் நாங்கள் ஒரு சின்ன இசை மாலை செய்தோம். சனசமூக நிலைய மண்டபம், இரவல் கதிரைகள், பாடுவதற்கு நான்கு பேர். முதலில் எழுதின பட்டியலில் மிருதங்கம், தபேலா, பாஸ் கிற்றார், ட்ரம்ஸ் எல்லாம் இருந்தன. காசுக் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தோம். கடைசியில் மிஞ்சினது ஒரு கீபோட். அதை வாசிக்க வந்த அண்ணா எங்கட முகங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் யோசிக்கிறியள்? எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு."

உண்மையாகவே கிடந்தது. தபேலா, புல்லாங்குழல், வயலின் கூட்டம், எல்லாம். மூன்றாவது பாட்டை அவர் பென்டிரைவில் இருந்து முழுதாக ஓடவிட்டார். பாடின எங்கட தோழிக்கு இரண்டாவது சரணம் எடுக்கிற இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது. நாலே நாலு மாத்திரைதான் நின்றாள். பெட்டி நிற்கவில்லை. அவள் ஓடிப்போய் ஏறப் பார்த்தாள், அதற்குள் பஸ் போய்விட்டது. அண்ணா பட்டனைத் தேடினார், பாட்டு நடுவில் அறுந்தது. சனம் கைதட்டினது, ஆனால் இரக்கத்தில் தட்டின கை எது என்று பாடுகிறவளுக்குத் தெரியாதா?

அன்றிரவு கதிரை அடுக்கும்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஒரு பக்கம், "அவள் இன்னும் பிராக்டிஸ் செய்திருக்கவேணும்." மறுபக்கம், "பக்கத்தில ஒரு மிருதங்கக்காரர் இருந்திருந்தால் ஒரு சுற்றுக் கூட வாசிச்சு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்." இந்தக் கட்டுரை அந்த வாக்குவாதத்தில் இருந்து வந்தது. இப்படி ஒரு பெட்டி எங்கிருந்து வந்தது, யார் யார் செய்தார்கள், ஏன் அது காத்திருக்கப் பழகவில்லை என்று தேடிப் பார்த்தோம்.

பக்கவாத்தியம் என்ற சொல்லில் ஒருக்கா நிற்கலாம். பக்கத்தில் இருக்கிறவர் வாசிப்பது. கர்நாடகக் கச்சேரியில் வயலின்காரர் பாட்டின் பின்னால் நிழல்போல வருவார். மிருதங்கக்காரர் அடுத்த எடுப்பு எங்கே என்று பாடகரின் வாயையும் கையையும் பார்த்துக்கொண்டிருப்பார். நிரவலில் ஒரு வரியைப் பத்துத் தரம் பாடினாலும், மூன்று தரத்தோடு விட்டாலும், முன்கூட்டி அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேட்டுக்கொண்டே வாசிப்பதுதான் அந்த வேலை. இயந்திரங்களின் வரலாற்றில் அந்த "கேட்டுக்கொண்டே" தொலைந்துபோய், பிறகு மிகவும் கஷ்டப்பட்டுத் தேடப்பட்டது.

சண்டை கணினிக்கு முந்தியது. மௌனப் படங்களின் காலத்தில் அமெரிக்கத் தியேட்டர்களில் படத்துக்கு நேரில் வாசிப்பதற்கென்று வாத்தியக்காரர்கள் வேலைக்கு இருந்தார்கள். 1927க்குப் பிறகு பேசும் படம் வந்ததும் ஆயிரக்கணக்கானோர் வெளியே. 1930இல் அவர்களுடைய சங்கம் பத்திரிகைகளில் பெரிய விளம்பரங்கள் போட்டது. அதில் ஒரு இரும்பு ரோபோ வாத்தியம் வாசித்துக்கொண்டிருக்கும். தகரத்தில் அடைத்த இசையை ஏற்காதீர்கள் என்பதுதான் சாரம். சனம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு விசயம், தானியங்கிப் பக்கவாத்தியத்தின் முக்கியமான படிகளைக் கட்டினவர்களில் கனபேர் முதலாளிகள் இல்லை, வாத்தியக்காரர்கள். தனியாக இருந்து சாதகம் செய்து அலுத்தவர்கள்.

1950இல் நியூயோர்க்கில் இர்விங் கிராட்கா என்ற ட்ரம்ஸ் வாசிக்கும் இளைஞர் 'மியூசிக் மைனஸ் வன்' என்று ஒரு கம்பனி தொடங்கினார். பெயரிலேயே கணக்கு இருக்கிறது: இசை, கழித்தல் ஒன்று. நாலைந்து வாத்தியம் சேர்ந்து வாசிக்க வேண்டிய உருப்படியை ஒரு வாத்தியத்தை விட்டுவிட்டு இசைத்தட்டில் பதிவு செய்து, அச்சிட்ட இசைக்குறியீட்டோடு விற்றார். அந்த வெற்றிடத்தில் வாங்கினவர் உட்கார்ந்து வாசிக்கலாம். 1967இல் இந்தியானாவில் ஜேமி ஏபர்சோல்ட் என்ற சக்சபோன்காரர் ஜாஸ் படிப்பவர்களுக்காக இதையே செய்தார். நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வரை அது போனது. அவருடைய இசைத்தட்டில் ஒரு சின்ன யுக்தி இருந்தது. ஸ்ரீரியோவின் ஒரு பக்கத்தில் பாஸ், மறுபக்கத்தில் பியானோ, ட்ரம்ஸ் இரண்டு பக்கமும். அம்ப்ளிபயரின் பலன்ஸ் குமிழை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் பியானோக்காரர் காணாமல் போவார், பியானோ படிக்கிறவர் அந்த இடத்தில் வாசிக்கலாம். மறுபக்கம் திருப்பினால் பாஸ்காரர் போய்விடுவார்.

இவை எல்லாம் சாதகத்துக்கு. மேடைக்கு வந்தது வேறு வழியால்.

1959இல் அமெரிக்காவின் வூர்லிட்சர் கம்பனி ஒரு மரப்பெட்டி விற்றது. உள்ளே ஒரு தட்டு மோட்டாரில் சுழலும். தட்டில் உள்ள தொடுமுனைகள் ஒவ்வொன்றும் மின்சுற்றை மூடும்போது ட்ரம்ஸ் போன்ற ஒரு சத்தம் வரும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வோல்ட்ஸ், சச்சச்சா என்று தாளத்தைத் தெரிவு செய்யலாம். ஓர்கன் வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் வைக்கிற பெட்டி. அதற்கு வைத்த பெயர் 'சைட்மேன்'. ஜாஸ் உலகில் தலைவருக்குப் பக்கத்தில் வாசிக்கிறவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். எங்கட பாசையில் பக்கவாத்தியக்காரர். ஆளின் பெயரையே பெட்டிக்கு வைத்துவிட்டார்கள், அவ்வளவு வெளிப்படையாக!

1967இல் ஜப்பானில் இகுதாரோ ககேஹாஷியின் ஏஸ் டோன் கம்பனி 'ரிதம் ஏஸ்' என்ற ட்ரான்சிஸ்டர் தாளப்பெட்டியை விட்டது. ஹமண்ட் ஓர்கன்களுக்குள்ளும் அது போனது. (ககேஹாஷிதான் பிறகு ரோலண்ட் கம்பனியைத் தொடங்கியவர்.) அடுத்த படி, தாளத்தோடு சுரத்தையும் கொடுப்பது. அதுதான் இன்றைக்கு எங்கட கலியாண மண்டபங்களில் நிற்கிற கீபோட்டின் அடிப்படை. இடது கையால் ச-க-ப போல மூன்று சுரங்களைச் சேர்த்து அமுக்கினால், மேலைத்தேய இசையில் கோர்ட் என்று சொல்லும் அந்தச் சுரக்கூட்டு எது என்று கீபோட் கண்டுபிடிக்கும். உள்ளே பாஸ், கிற்றார், வயலின் எல்லாவற்றுக்கும் ஒன்றோ இரண்டோ ஆவர்த்தன நீளத்துக்கு முன்பே எழுதிய துண்டுகள் இருக்கும். அவற்றை அந்தக் கோர்ட்டுக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்த்தித் திருப்பித் திருப்பி வாசிக்கும். தொடக்கத்துக்கு ஒரு பட்டன், இடையில் உருட்டலுக்கு ஒரு பட்டன், முடிவுக்கு ஒரு பட்டன். இந்தத் துண்டுகளின் தொகுப்புக்குப் பெயர்தான் 'ஸ்டைல்'. பைலா ஸ்டைல், குத்து ஸ்டைல் என்று பென்டிரைவில் கைமாறுவது இதுதான்.

ஸ்டைலில் வாசிக்கும்போது கீபோட்காரரின் இடது கைக்கு இன்னும் அதிகாரம் இருக்கிறது. கோர்ட்டை மாற்றாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பெட்டி அதிலேயே சுற்றும், பாடகருக்குக் காத்திருக்கலாம். முழுப் பாட்டையும் பென்டிரைவில் இருந்து ஓடவிட்டால் அந்த அதிகாரமும் போய்விடும். எங்கட இசை மாலையில் நடந்தது இரண்டாவது. இது விளங்கின பிறகு வாக்குவாதத்தின் சூடு கொஞ்சம் தணிந்தது. பிழை பெட்டியில் மட்டும் இல்லை, பெட்டியில் எதை ஓடவிட்டோம் என்பதிலும் இருந்தது.

பெட்டிகளை முழுக்கத் திட்டவும் எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் ஹிரோகோ ஒகுடாவின் கதை. இசைக் கல்லூரியில் படித்தவர், ரெகே இசையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர், 1980இல் கசியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருசம் வந்த எம்ரி-40 என்ற சின்னக் கீபோட்டின் தாளங்களை எழுதும் வேலை அவரிடம் வந்தது. அதில் 'ரொக்' என்று பெயரிட்ட ஒரு தாளம், அதோடு ஒட்டின ஒரு பாஸ் வரி. விளையாட்டுச் சாமான் மாதிரியான அந்தக் கீபோட் ஜமேக்காவில் நோயல் டேவி என்பவரின் கைக்குப் போனது. அவரும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அந்த 'ரொக்' பட்டனின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். கிங் ஜாமி தயாரிப்பாளர். 1985இல் 'அண்டர் மி ஸ்லெங் டெங்' வந்தது. ஜமேக்க இசை அதோடு கணினி யுகத்துக்குள் போனது என்று சொல்வார்கள். அதே தாளத்தின்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் பிறகு வந்தன. டோக்கியோவில் ரெகே மேல் காதல் கொண்ட ஒரு பெண் 'ரொக்' என்ற பெயரில் எழுதின பக்கவாத்தியம் ரெகேயின் ஊரிலேயே போய் நிமிர்ந்து நின்றது. அங்கே பெட்டி யாருக்கும் பின்னால் வாசிக்கவில்லை. பாடகர்தான் அதற்கு ஏற்பப் பாடினார்.

மறுபக்கத்தில் 1982 மே மாதம் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை சிந்தசைசர், ட்ரம் மெஷின் போன்றவற்றைத் தடைசெய்யவேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. பாரி மனிலோ தன் சுற்றுப்பயணத்தில் வாத்தியக் குழுவுக்குப் பதிலாகச் சிந்தசைசர்களைப் பாவித்தது அதற்கு உடனடிக் காரணம். முழுச் சங்கமும் அதை ஏற்கவில்லை. இன்றைக்கு வாசித்தால் சிரிப்பு வரும். ஆனால் எங்கட மண்டபத்தில் வெட்டின பட்டியலை நினைத்துவிட்டுத் திரும்ப வாசித்தபோது எங்களுக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

மென்பொருள் என்ற அளவில் பெரிய திருப்பம் 1990. கனடாவில் பீட்டர் கனன் என்பவர் — மருத்துவர், இசைக்காரரும் கூட — தன்னுடைய பிஜி மியூசிக் கம்பனி மூலம் 'பாண்ட் இன் எ பொக்ஸ்' என்ற மென்பொருளை விட்டார். பெட்டிக்குள் இசைக்குழு. அத்தாரி கணினியிலும் சாதாரண பீசியிலும் ஓடியது. திரையில் கட்டம் கட்டமாக இருக்கும், ஒவ்வொரு கட்டமும் ஒரு அளவு. அதில் கோர்ட்டின் பெயரை மட்டும் தட்டெழுத வேண்டும். ஒரு ஸ்டைலைத் தெரிவு செய்து ஓடவிட்டால் பியானோ, பாஸ், ட்ரம்ஸ் தயார். ஒவ்வொரு ஸ்டைலிலும் ஒரே இடத்துக்குப் பல துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தரம் வரலாம் என்று ஒரு எண் கொடுத்திருக்கும். அதனால் இரண்டு தரம் ஓடவிட்டால் இரண்டும் சரியாக ஒரே மாதிரி இராது. 2000களின் பிற்பகுதியில் இன்னொரு படி போனார்கள். மின்னணுச் சத்தத்துக்குப் பதில் உண்மையான கலைஞர்களை ஸ்டூடியோவில் வாசிக்க வைத்து, அந்தப் பதிவைத் துண்டாக்கி, நீங்கள் எழுதும் கோர்ட்டுக்கு ஏற்பப் பொருத்தினார்கள். எங்கோ ஒரு கிற்றார்காரர் ஒருநாள் வாசித்துவிட்டுப் போனது, அவர் சந்திக்காத யாரோ ஒருவரின் பாட்டுக்கு இன்றைக்கும் பக்கவாத்தியம்.

அதே 1990இல்தான் இங்கே ஜூன் மாதம் போர் திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதை கேட்காத வீடு எங்கட வயதுக்காரருக்கு இராது. எங்களில் ஒருத்தியின் அம்மா அந்த வருசங்களில் சங்கீதம் படித்தவர். துருத்தி வைத்த சுருதிப் பெட்டியைத் தங்கச்சி அமுக்க, இவர் பாடுவாராம். தங்கச்சிக்குக் கை வலித்தால் சாதகம் முடிந்தது. "பாவம், அவளுக்குப் பாட்டே வராது, ஆனா நான் சுருதி விலகினால் முதல்ல கண்டுபிடிக்கிறது அவள்தான்" என்றார் அம்மா. நாங்கள் கணினிப் பக்கவாத்தியத்தைப் பற்றிக் கேட்கப்போய் இந்த வசனத்தோடு திரும்பி வந்தோம்.

சுருதியின் கதையும் இதே கதைதான். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியியலாளர், அவரும் புல்லாங்குழல் வாசிப்பவர், 1979இல் மின்னணுச் சுருதிப் பெட்டியைச் செய்தார். அவருடைய ரேடல் கம்பனியின் பெட்டிகள் பிறகு கச்சேரி மேடைகளிலும் சங்கீத வகுப்புகளிலும் சாதாரணமாகிவிட்டன. இன்றைக்குக் கைத்தொலைபேசிச் செயலியே போதும். சுருதி விலகாது, கை வலிக்காது, சாப்பாடு கேட்காது. ஆனால் மேடையில் குருவுக்குப் பின்னால் தம்புரா மீட்டுவது சிஷ்யர்களின் வேலையாக இருந்தது. இரண்டு மூன்று மணித்தியாலம் வேறொன்றும் செய்யாமல், கச்சேரி உள்ளே இருந்து எப்படிக் கட்டப்படுகிறது என்று கேட்கிற இடம் அது. பெட்டி வந்ததும் அந்த இருக்கையும் மெல்ல மெல்லக் காலியானது.

இனி, காத்திருக்கிற இயந்திரம். அப்படி ஒன்றைச் செய்ய ஆருமே யோசிக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். பிழை. 1984இல் பாரிஸில் நடந்த சர்வதேசக் கணினி இசை மாநாட்டில் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் சாராமல், அதையே கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொஜர் டனன்பேர்க் ட்ரம்பெட் வாசிப்பவர் (பார்த்தீர்களா, திரும்பவும் வாத்தியக்காரர்). அவருடைய நிரலுக்கு எழுதிய இசை முன்பே தெரியும். மைக்கில் வருகிற சுரங்களை அதோடு ஒப்பிட்டு, வாசிப்பவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று கணிக்கும். ஒரு சுரம் பிழைத்தாலும், ஒன்றை விழுங்கினாலும், இரண்டு எழுத்துத் தொடர்களில் எங்கே ஒற்றுமை கூட என்று பார்க்கிற அதே கணக்கு முறையால் இடத்தைப் பிடித்துவிடும். வாசிப்பவர் வேகத்தைக் குறைத்தால் பக்கவாத்தியமும் குறையும். மற்றவர் எம்ஐரியைச் சேர்ந்த பாரி வெர்கோ. பாரிஸின் இர்காம் நிலையத்தில் லரி போரெகார்ட் என்ற புல்லாங்குழல் கலைஞரோடு சேர்ந்து செய்தவர்.

நாற்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. அந்த இயந்திரம் ஏன் எங்கட மண்டபத்துக்கு வந்து சேரவில்லை? டனன்பேர்க்கின் முறை 1990களில் மாணவர்களுக்கான ஒரு மென்பொருளாக விற்பனைக்கு வந்தது. இர்காமில் ஆய்வும் தொடர்ந்தது. ஆனால் அதற்கு எழுதிவைத்த இசை வேண்டும். மேலைத்தேய சாஸ்திரிய இசைக்கு அது பொருந்தும். நிரவல், கற்பனாஸ்வரம், கோயில் வீதியில் தவில்காரர் நாதஸ்வரத்தோடு மல்லுக்கட்டுகிற இடம் — இவற்றுக்கு ஒப்பிட எந்தத் தாளை வைப்பது? 1987இல் டனன்பேர்க் இன்னொருவரோடு சேர்ந்து ஜாஸ் கற்பனை வாசிப்பைப் பின்தொடரவும் முயன்றார். அங்கேகூட பன்னிரண்டு அளவில் திரும்பத் திரும்ப வரும் புளூஸ் சட்டகம் ஒன்று இருந்ததால்தான் பிடிக்க முடிந்தது. மற்றக் காரணம் இதைவிடச் சாதாரணம் என்று நினைக்கிறோம். காத்திருக்காத பெட்டி மலிவு, நம்பலாம், மேடையில் கவிழ்க்காது. கேட்கிற பெட்டி பிழையாகக் கேட்டுவிட்டால் முழுக் கச்சேரியும் குழம்பிப்போகும். கேட்கிறவருக்குப் பிழை விட உரிமை இருக்கவேணும். மனிசருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறோம், காசு கொடுத்து வாங்கின சாமானுக்குக் கொடுக்கமாட்டோம்.

ஆக வென்றது கேளாத பெட்டிகள்தான். 2008இல் மாசிமோ பியொல்காத்தி என்ற பாஸ் வாத்தியக்காரர் ஐரியல் புக் என்ற செயலியை விட்டார், இன்றைக்கு ஐரியல் ப்ரோ. உலகம் முழுக்க ஜாஸ் படிப்பவர்களின் போனில் இருக்கிறது, அதில் பாஸ் வாசிப்பது பாஸ்காரர் இல்லை. யமஹா இந்தியச் சந்தைக்கென்று செய்த பிஎஸ்ஆர்-ஐ வரிசைக் கீபோட்களில் தம்புராவும் தபேலாவும் ஓடவிட்டுச் சாதகம் செய்ய 'ரியாஸ்' என்றே ஒரு வசதி இருக்கிறது. 2019இல் டீசர் நிறுவனம் இலவசமாக விட்ட ஸ்பிளீட்டர் என்ற மென்பொருள், எந்தப் பாட்டையும் கொடுத்தால் குரலைத் தனியாக, ட்ரம்ஸைத் தனியாகப் பிரித்துத் தரும். கிராட்கா ஒவ்வொரு வாத்தியமாக விட்டுவிட்டுப் பதிவு செய்து விற்றதை இப்போது எந்தப் பாட்டிலும் நாங்களே செய்யலாம்.

இவற்றால் யாருக்கு நன்மை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேணும். எங்கட குழுவில் கிற்றார் வாசிக்கும் இரண்டு பெண்களும் செயலியோடுதான் படித்தார்கள். இரவு எட்டு மணிக்குப் பெடியளோடு போயிருந்து பிராக்டிஸ் செய்ய எந்த வீட்டில் விடுவார்கள்? கதவைச் சாத்திவிட்டு, ஹெட்போன் போட்டு, பாஸும் ட்ரம்ஸும் வேண்டிய அளவு நேரம் கூட இருந்தன. பிழைத்தால் ஆரும் முகம் சுழிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி சொன்னது: "எனக்கு அது காத்திருக்கேல்லைத்தான். ஆனா என்னைத் துரத்தவும் இல்லை." அவளுடைய தாளம் எங்கள் எல்லாரையும்விடத் திறம். முதல் தரம் ஆட்களோடு சேர்ந்து வாசித்தபோதுதான் ஒரு விசயம் தெரிந்தது. பாடகர் கொஞ்சம் இழுத்தால் இவள் முன்னுக்குப் போய்விடுகிறாள், நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பார்ப்பதற்கு அவ்வளவு காலமும் அங்கே ஒரு முகம் இருக்கவில்லை. இரண்டு மாதத்தில் பழகிவிட்டாள், அது வேறு கதை.

எங்கட பட்டியலில் இருந்து முதலில் வெட்டின பெயர் ஒரு மிருதங்கக்காரருடையது. அரங்கேற்றங்களுக்கும் பள்ளிக்கூட விழாக்களுக்கும் வாசித்துக்கொண்டிருந்தவர். இப்போது ஒலிப்பதிவுக்கு ஆடும் நிகழ்ச்சிகள் கூட, அழைப்புக் குறைவு, பகலில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறார். கட்டுரைக்காக அவரிடம் போனோம், நடந்ததையும் சொன்னோம். கோபிக்கவில்லை. தானும் வீட்டில் தாளச் செயலியோடுதான் சாதகம் செய்வதாகச் சொன்னார். வேகத்தில் ஓடுகிற பழக்கத்தை அதுதான் பிடித்து நிறுத்தியதாம். பிறகு எங்கட தோழி நின்றுபோன இடத்தைப் பாடிக்காட்டச் சொன்னார். பாடினாள். வேண்டுமென்றே அதே இடத்தில் நிறுத்தினாள். அவர் கடைக் கவுண்டரில் விரலால் தட்டிக்கொண்டிருந்தவர், தட்டை நிறுத்தாமல் சத்தத்தை மட்டும் குறைத்து, அவளைப் பார்த்துக்கொண்டே இரண்டு சுற்றுப் போனார். அவள் மூச்செடுத்தது எங்களுக்குத் தெரிய முதல் அவருக்குத் தெரிந்துவிட்டது. சரணம் சரியான இடத்தில் விழுந்தது.

சித்திரையில் அடுத்த இசை மாலை. கீபோட் அண்ணாவும் வருகிறார், ஸ்டைலில் மட்டும் வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மிருதங்கத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று உண்டியலை எண்ணிக்கொண்டிருக்கிறோம். இன்னும் காணாது.